எண்ணும் இறுக்கமும்

பெரிய காரியங்கள் சிறிய பொருள்களை நம்பி நிற்பது உலக இயற்கை. ஆற்றின்மேல் எழுந்து நிற்கும் இரும்புப் பாலத்தைக் காண்போர் அதன் நீளத்தையும் உயரத்தையும் வியப்பரேயன்றி, அதன் உறுப்புக்களை ஒன்றோடொன்று பிணித்து நிற்கும் ஆணிகளை நோக்குவார் அரியர். மோட்டார் வண்டியிற் செல்வோர் அதன் வேகத்தைப் புகழ்வர். சக்கரத்தைப் பற்றி நிற்கும் நான்கைந்து நட்டுக்களை நினைப்பதில்லை. அந்நட்டுக்கள் தளருமாயின் வேகமும் இல்லை, வண்டியும் இல்லை. சில வேளைகளில் ஏறிச் சென்றோரும் இல்லை. ஆதலின், போல்ட்டும் நட்டும் எவ்வளவு இறுக்கப்படல் வேண்டும், அவ்விறுக்கத்தை எங்ஙனம் அளந்தறிவது என்னும் கேள்வி பட்டறைக்குள் அடங்கிவிடும் அற்பக் கேள்வியன்று. நம் கல்லூரியிற் பௌதிகமும் கணிதமும் பயின்று, சென்னை, ஓசூர், கோயம்புத்தூர் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குச் செல்லும் மாணாக்கர் ஆண்டுதோறும் உளராதலின், இதனைக் குறித்து நம் கருத்தை ஈண்டு எடுத்துரைக்கத் துணிகின்றோம்.

முதற்கண், போல்ட்டு செய்யும் வேலை யாது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இரண்டு தகடுகளை ஊடுருவி, அவை வழுவாதபடி தடுத்து நிற்கும் வெறும் முளையே போல்ட்டு என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையில் மிகக் கடினமான ஒரு சுருள்வில் போன்றது. நட்டைத் திருகுந்தோறும் போல்ட்டின் தண்டு சிறிது நீள்கின்றது. நீண்ட தண்டு மீண்டும் சுருங்க முயல்கின்றது. அம்முயற்சியே தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றது. இவ்வாறு உண்டாகும் இழுவிசையே இணைப்பின் உயிர்நிலை. இழுவிசை போதிய அளவில் இருக்குமாயின், வெளியிலிருந்து வரும் சுமை ஏறி இறங்கினும், அவ்வேற்றத் தாழ்விற் சிறு பகுதியே போல்ட்டைச் சென்று தாக்கும். தகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கமாட்டா. இழுவிசை குறையின், தகடுகள் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அந்நகர்ச்சி மிகச் சிறிதாயினும், மீண்டும் மீண்டும் நிகழுங்கால் நட்டுத் தானே கழன்று விடும். ஜெர்மானியப் பொறியியலறிஞர் கெர்ஹார்ட் யுங்கர் என்பார் 1969 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், குறுக்கு நகர்ச்சியே நட்டுக்கள் கழல்வதற்குத் தலையாய காரணம் என்பதை நிலைநாட்டினார். மறுபுறத்தில், இழுவிசை அளவு கடந்தால் தண்டு மீளாதவாறு நீண்டு, முடிவில் அற்றுவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இரும்பிற்கும் பொருந்துவதே.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. நமக்கு வேண்டுவது இழுவிசை. நாம் அளப்பதோ இழுவிசை அன்று. நட்டைத் திருப்புவதற்கு வேண்டிய முறுக்குவிசை. தொழிற்சாலைகளில் இதனை டார்க் என்பர். கோலின் நீளத்தையும், அதன் நுனியில் இழுக்கும் விசையையும் பெருக்கினால் இவ்வளவு கிடைக்கும். முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் 320 நியூட்டன் விசையுடன் இழுப்போமாயின், முறுக்குவிசை 96 நியூட்டன் மீட்டர். இதனைக் காட்டும் கருவிக்கு டார்க் ரெஞ்ச்சு என்று பெயர். நியூயார்க் நகரத்துத் தண்ணீர்க் குழாய் இலாகாவிற் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர், குழாய்களின் போல்ட்டுக்கள் அளவு கடந்து இறுக்கப்பட்டுக் கெடுவதைத் தடுக்கவேண்டி 1918 இல் இதனை முதன்முதல் அமைத்தார் என்பர். இன்று இவ்வகைக் கருவி இல்லாத மோட்டார்த் தொழிற்சாலையே இல்லை எனலாம். குறித்த அளவை எட்டியவுடன் “கிளிக்” என்று ஒலிப்பனவும், தாமே மின்சாரத்தால் சுழன்று, அளவு சரியாயின் பச்சை விளக்கை ஏற்றுவனவும் உள.

ஆனால், நாம் செலுத்தும் முறுக்குவிசை முழுவதும் போல்ட்டை நீட்டுவதற்குச் செல்கின்றதா? இல்லை. அதனைப் பத்துப் பங்காக வகுத்தால், ஏறக்குறைய ஐந்து பங்கு நட்டின் அடிப்பரப்பு உராய்வதில் ஒழிகின்றது. ஏறக்குறைய நான்கு பங்கு புரிகளுக்கிடையே நிகழும் உராய்விற் செலவாகின்றது. எஞ்சி நிற்கும் ஒரு பங்கே இழுவிசையை உண்டாக்குகின்றது. உழைப்பிற் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கு வரியாகப் போய்விட, ஒரு பங்கே நம் கைக்கு எட்டுகின்றது. அவ்வரி என்றும் ஒரே விகிதத்தில் நிற்குமாயின் கவலையில்லை. அஃது எண்ணெய்ப் பசைக்கும், துருவுக்கும், முலாம் பூச்சுக்கும், வாஷரின் வழவழப்புக்கும் ஏற்ப ஏறியும் இறங்கியும் வருகின்றது. வரி சிறிது ஏறினாலும், எஞ்சும் அந்த ஒரு பங்கு பெரிதும் குறைந்து போகும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவாம். பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ளதும், 8.8 என்னும் தரத்ததுமாகிய போல்ட்டு ஒன்றனை எடுத்துக்கொள்வோம். முறுக்குவிசையானது விட்டம், இழுவிசை, உராய்வைப் பொறுத்த ஒரு குணகம் ஆகிய மூன்றன் பெருக்கம் என்பது பொறியியலார் வழங்கும் சூத்திரம். எண்ணெயிடாத எஃகுக்கு அக்குணகம் ஏறக்குறைய 0.2 ஆகும். எனவே, 96 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் 40,000 நியூட்டன் இழுவிசை, அதாவது ஏறத்தாழ நான்கு டன் எடைக்கு ஒப்பான இறுக்கம் உண்டாகும். நன்று. அதே போல்ட்டு நன்றாக மசகிடப்பட்டுக் குணகம் 0.12 ஆகக் குறைந்ததெனக் கொள்வோம். அதே 96 நியூட்டன் மீட்டர் இப்போது 66,700 நியூட்டன் இழுவிசையை உண்டாக்க முற்படும். இவ்வகைப் போல்ட்டு நிலையாக நீளாமல் தாங்குதற்கு உத்தரவாதமுள்ள சுமை 48,900 நியூட்டன். அது அறாமல் தாங்கவேண்டிய குறைந்த அளவு 67,400 நியூட்டன். ஆகவே, போல்ட்டு அறுந்துபோகும் வாயிலில் நிற்கின்றது. இனி, புரிகள் துருப்பிடித்துக் குணகம் 0.3 ஆக உயர்ந்ததெனின், இழுவிசை 26,700 நியூட்டனே. இணைப்புத் தளர்ந்து கிடக்கும். மூன்று போல்ட்டுக்களிலும் கருவி காட்டிய எண் ஒன்றே. மூன்றிலும் பச்சை விளக்கே எரிந்தது. ஒன்று சரி, ஒன்று அறும் நிலை, ஒன்று கழலும் நிலை! எண் பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றை நாமே அதன் வாயில் இட்டுக் கேட்டோம்.

நல்ல டார்க் ரெஞ்ச்சு, நூற்றுக்கு 4 பங்குக்கு மேற்படாத பிழையுடன் முறுக்குவிசையைக் காட்டவல்லது. அதே கருவியால் இறுக்கப்பட்ட போல்ட்டுக்களின் இழுவிசையோ, நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை மேலும் கீழும் வேறுபடக்கூடும் என்று பொறியியல் நூல்கள் கூறுகின்றன. கருவியின் நுட்பத்தைப் பொருளின் நுட்பமாக எண்ணி மயங்குவதே இத்துறையில் நேரும் பெரும்பிழை என்பது நம் துணிபு. இம்மயக்கம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. உயிர்களை அபாயத்துக்குள்ளாக்கியதும் உண்டு.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10 ஆம் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயின் தேசத்து மாலகா நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகாய விமானம் ஒன்று, 17,300 அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. தலைமை விமானி அப்புழை வழியே இடுப்பளவும் வெளியே இழுக்கப்பட்டார். உள்ளிருந்த பணியாளர் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தை சௌதாம்ப்டனில் இறக்கினார். தெய்வாதீனமாக எவரும் உயிரிழக்கவில்லை. அக்கண்ணாடி, விமானம் புறப்படுவதற்கு 27 மணி நேரத்திற்கு முன்னர்ப் புதிதாகப் பொருத்தப்பட்டது. அதனைப் பிடித்திருந்த 90 போல்ட்டுக்களில் 84, வேண்டிய விட்டத்தினும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு குறைந்தவை. எஞ்சிய ஆறும் நீளத்திற் குறைந்தவை.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டுவது யாதெனில், போல்ட்டுக்களைப் பொருத்தியவர் கண்மூடித்தனமாகத் திருகிவிடவில்லை. குறித்த முறுக்குவிசை எய்தியவுடன் ஒலித்து விட்டுக்கொடுக்கும் திருகுளியையே கையாண்டார். ஒவ்வொரு போல்ட்டிலும் அத்திருகுளி விட்டுக்கொடுத்ததாகவே அவர் உணர்ந்தார். சிறுத்த போல்ட்டுக்களின் புரிகள் நட்டுக்களின் புரிகளைச் சரிவரப் பற்றாமல் வழுக்கியதையே அவ்வாறு உணர்ந்தார் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. இறுகியது என்று அவர் நம்பிய அடையாளமே இறுகாமையின் அடையாளமாக இருந்தது! முறுக்குவிசையோடு, போல்ட்டு எத்துணைக் கோணம் திரும்பியது என்பதையும் அளக்கும் கருவி இருந்திருப்பின், திரும்பவேண்டிய அளவுக்கு மேல் அது திரும்பிக்கொண்டே போவதைக் காட்டியிருக்கக் கூடும்.

இனி, வேறு வழிகள் உளவோ எனின், உள. முதலாவது, கோணத்தை அளத்தல். தகடுகள் நன்கு பொருந்துமளவும் சிறிது இறுக்கியபின், நட்டைக் குறித்த கோணமளவு திருப்புவது இம்முறை. புரியின் இடைவெளி மாறாததாகலின், நட்டு இத்துணைப் பாகம் சுற்றினால் தண்டு இத்துணை நீளும் என்பது வடிவக் கணக்கு. அதில் உராய்வுக்கு இடமில்லை. அமெரிக்க நாட்டில் எஃகுக் கட்டடங்களுக்குரிய விதிகளில், விட்டத்தைப்போல் நான்கு மடங்கு வரை நீளமுள்ள போல்ட்டுக்கு மூன்றில் ஒரு சுற்றும், நான்கு முதல் எட்டு மடங்கு வரை நீளமுள்ளதற்கு அரைச் சுற்றும் விதிக்கப்பட்டுள்ளன. ஒரு சுண்ணாம்புக் கோடே இதற்குப் போதிய கருவி! இரண்டாவது, போல்ட்டின் நீட்சியையே நேராக அளத்தல். யந்திரங்களின் இணைப்புத் தண்டுகளில் மைக்ரோமீட்டர் கொண்டும், பெரிய போல்ட்டுக்களில் செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்தியும் இதனை அளக்கின்றனர். மூன்றாவது, முறுக்குவிசையையும் கோணத்தையும் ஒருங்கே அளந்து, இரண்டும் குறித்த எல்லைக்குள் அமைந்தாலன்றி இணைப்பை ஏற்றுக்கொள்ளாமை. இன்றைய மோட்டார்த் தொழிற்சாலைகளில் இம்முறை பரவி வருகின்றது. கோணம் மிகுந்தும் முறுக்கு ஏறாதாயின் புரி தேய்ந்தது என்றும், கோணம் குறைந்திருக்க முறுக்கு விரைந்து ஏறுமாயின் புரி கோணிக்கொண்டது அல்லது போல்ட்டு துளையின் அடியில் முட்டிக்கொண்டது என்றும் அறியலாம். இரண்டு சாட்சிகள் ஒத்துச் சொல்லும்போதன்றோ நியாயாதிபதி தீர்ப்புக் கூறுவர்!

இவ்வளவும் வீண் செலவு என்று கூறுவாரும் உளர். பதினாயிரம் போல்ட்டுக்களில் ஒன்று அறுந்தால் அதனை மாற்றிக்கொள்ளலாமே என்பது அவர் வாதம். கதவின் கைப்பிடிக்கும் பெட்டியின் மூடிக்கும் அவ்வாதம் பொருந்துமென்றே நாமும் கொள்கின்றோம். எல்லா நட்டுக்கும் ஒலியலைக் கருவி வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஆயின், தடையிலும், சக்கரத்திலும், ஸ்டீரிங்கிலும், விமானத்தின் கண்ணாடியிலும் அறும் அந்த ஒன்று யாருடைய வண்டியில் அறும் என்பதை எவர் தெரிந்தெடுப்பர்? செலவுக் கணக்கு எழுதுவோர் அவ்வண்டியில் ஏறுவாரல்லர்.

வேறு சிலர், கருவிகள் வருமுன் நம் பட்டறை மேஸ்திரிகள் கைப்பழக்கத்தாலேயே இறுக்கினரே, அவை கழன்றா போயின என்று வினவுவர். கைப்பழக்கத்தை நாம் இகழ்வதில்லை. ஆயினும், கை உணர்வதும் முறுக்குவிசையையே. உராய்வு கருவியை ஏமாற்றுவதுபோலவே கையையும் ஏமாற்றும். சிறிய போல்ட்டை மிகைபட இறுக்குவதும், பெரிய போல்ட்டைக் குறைவுபட இறுக்குவதும் கையின் இயல்பு. எனினும், எண் அறியாத சில செய்திகளைக் கை அறியும். புரியில் மணல் நெறுநெறுப்பதையும், தண்டு திடீரென இளகிக் கொடுப்பதையும், நட்டு எளிதாகச் சுழல்வதையும் பழகிய கை உடனே கண்டுகொள்ளும். ஆதலின், கருவி வந்ததனாற் கைக்கு வேலை ஒழிந்தது என்பாரோடும் நாம் உடன்படோம்.

ஈண்டு நம் உள்ளத்தை வருத்தும் ஒன்றையும் வெளிப்படையாகக் கூறுவாம். இணைப்பு அறுந்தபோது பழி பெரும்பாலும் கடைசியாகக் கருவியைப் பிடித்த தொழிலாளியின்மேல் விழுகின்றது. அவன் குறித்த எண்ணுக்கு இறுக்கினான், கருவி ஒலித்தது, விளக்கும் எரிந்தது. போல்ட்டுக்களை விற்றவர் பூச்சை மாற்றியதும், சேமிப்பு அறையில் எண்ணெய் படிந்ததும், வாஷரின் தரம் குறைந்ததும், கருவி நெடுநாட் சரிபார்க்கப்படாமற் கிடந்ததும் அவன் குற்றமா? 96 என்னும் எண்ணைத் தாளில் எழுதியவர், அஃது உலர்ந்த புரிக்கா எண்ணெயிட்ட புரிக்கா என்று எழுதாது விட்டாராயின், அவர் எழுதியது பாதிக் கட்டளை. பாதிக் கட்டளையை நிறைவேற்றியவனுக்கு முழுத் தண்டனை என்பது எந்த நீதி?

பதிவேடு உண்டே, ஒவ்வொரு போல்ட்டின் முறுக்குவிசையும் அதில் எழுதப்பட்டுள்ளதே எனின், பதிவேடு நல்லதே. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. 2024 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆம் தேதி, அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கச் சுவரில் கதவுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டிருந்த அடைப்பு வானிற் பெயர்ந்து விழுந்தது. அதனைப் பிடித்து நிற்க வேண்டிய நான்கு போல்ட்டுக்களும் பொருத்தப்படாமலே போயின என்று அந்நாட்டு விசாரணைக் குழுவினர் கண்டனர். தொழிற்சாலையில் வேறொரு பழுது நீக்கும்பொருட்டு அவ்வடைப்பைத் திறந்தவர், திறந்த செய்தியைப் பதிவு செய்யவில்லை. பதிவில் இல்லாத வேலைக்குச் சோதனையும் இல்லாது போயிற்று. எத்துணை நுட்பமான கருவியும் தன் முன் வராத போல்ட்டை அளக்கமாட்டாது.

ஆகவே, நாம் வேண்டுவன இவை. முறுக்குவிசையை எண்ணாற் குறிக்கும் எந்தத் தாளும் புரியின் நிலை, மசகின் வகை, வாஷரின் தரம் ஆகியவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். இவை மாறின் எண்ணும் மாறல் வேண்டும். உயிர் சார்ந்த இணைப்புக்களிற் கோணமோ நீட்சியோ இரண்டாம் சாட்சியாக அளக்கப்படல் வேண்டும். கருவிகள் ஆண்டுக்கொரு முறையேனும், மிகுதியாகப் புழங்குவன ஐயாயிரம் முறைக்கு ஒருகாலேனும் சரிபார்க்கப்படல் வேண்டும். இவை யாவற்றினும் மேலாக, ‘விளக்குப் பச்சையே, எனினும் என் கைக்கு ஐயம்’ என்று சொல்லும் தொழிலாளி, வேலையை நிறுத்தி மேலோரை அழைக்கும் உரிமை பெறல் வேண்டும், அவ்வாறு நிறுத்தியதற்காக அவன் கூலியிற் குறைவு நேரலாகாது.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு பங்குண்டு. உராய்வுக் குணகத்தைச் சாய்தளத்தின்மேல் மரக்கட்டையை வைத்துக் கற்பிக்கின்றோம். ஹூக் என்பாரின் விதியைக் கம்பியில் எடைகளைத் தொங்கவிட்டுக் கற்பிக்கின்றோம். இரண்டும் சேர்ந்து ஒரு நட்டுக்குள் வாழ்வதை மாணாக்கர் காண்பதில்லை. நீண்ட போல்ட்டு சில, தடித்த எஃகுக் குழாய் ஒன்று, டார்க் ரெஞ்ச்சு ஒன்று, மைக்ரோமீட்டர் ஒன்று இருந்தாற் போதும். மேலே கூறிய போல்ட்டில், நட்டுக்கும் தலைக்கும் இடையே 100 மில்லிமீட்டர் புரித்தண்டு இருக்குமாயின், 40,000 நியூட்டன் இழுவிசைக்கு அது கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைய நீளும். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் மைக்ரோமீட்டருக்கு இஃது எளிது. ஒரு போல்ட்டை உலர்ந்தவாறும், மற்றொன்றைத் துருவுடனும், வேறொன்றை எண்ணெயிட்டும், 60 நியூட்டன் மீட்டர் போன்ற அபாயமற்ற ஓர் அளவுக்கு இறுக்கி, நீட்சியை அளந்து எழுதுக. ஒரே எண்ணுக்கு மூன்று நீட்சிகள் கிடைப்பதைத் தன் கையாற் கண்ட மாணாக்கன், பிற்காலத்தில் எத்தொழிற்சாலையின் மேலாளனாக அமரினும், விளக்கின் நிறத்தை மட்டும் கண்டு கையெழுத்திட மாட்டான்.

அளத்தல் அறிவின் தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயின், எதனை அளக்கின்றோம், எதனை அறிய விரும்புகின்றோம், இவ்விரண்டுக்கும் இடையே என்ன நிற்கின்றது என்னும் மூன்றனையும் கேளாத அளவை அறியாமைக்கு நல்லாடை உடுத்துவதாகும். பரீட்சை மதிப்பெண்ணைக் கல்வியென்றும், வருகைப் பதிவைக் கவனமென்றும் கொள்ளும் நமக்கு, நட்டும் போல்ட்டும் இப்பாடத்தைக் கற்பிக்க முன்வருகின்றன. பௌதிக ஆசிரியர்கள் மேற்கூறிய பரிசோதனையை வரும் கல்வியாண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் ஏற்படுத்துவார்களென்றும், தொழிற்சாலைகளிற் பணியாற்றும் பழைய மாணவர்கள் அதற்கு வேண்டிய கருவியொன்றை உதவுவார்களென்றும் நம்புகின்றோம்.